கொடிவேலை போட்ட கிட்டார்

விஸ்வநத்தத்தில் கிட்டார் என்றால் ஊர்க்காவலன்தான். வேறு ஆள் கிடையாது, தேவையும் பட்டதில்லை. பகலில் ஊருக்கு மேற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிற பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குவார். முகூர்த்த நாட்களில் சட்டையை மாற்றிக்கொண்டு காமராஜ் இன்னிசைக் குழுவோடு மேடையேறுவார். ரெண்டு வேலையும் அவருடைய விரல்களை நம்பித்தான் நடந்தது. அந்த விரல்களைப் பற்றி ஊரில் ஏகப்பட்ட கதைகள் உலவின. பாதி உண்மை, மீதி அவரே கிளப்பிவிட்டது.

எது உண்மை, எது கிளப்பிவிட்டது என்று அவர் மனைவி மாரிசெல்விக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக அதே கம்பெனியில் அவர் கலக்கித் தருகிற மருந்தைத்தான் அவள் காகிதக் குழாய்களில் அடைத்துக்கொண்டிருந்தாள். பட்டாசுக்குள் போகிற பொடிக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பெயர். அந்தப் பெயரை வைத்த மகராசன் யாரென்று தெரிந்தால் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும்.

அலுமினியப் பவுடரும் பச்சை உப்பு என்கிற பேரியம் நைட்ரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் போச்சு. உடனே வெடித்துத் தொலைத்தாலாவது பரவாயில்லை, அப்படிச் செய்யாது. உள்ளுக்குள்ளேயே புழுங்கும். மேலே பார்த்தால் சாம்பல் குவித்த மாதிரி சாதுவாகக் கிடக்கும். அடியில் சூடேறிக்கொண்டே போய், சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோ தானாகப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் அன்றன்றைக்குக் கலக்கிய மருந்தை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். சீசன் வந்துவிட்டால் சட்டம் கம்பெனி கேட்டுக்கு வெளியேதான் நிற்கும், உள்ளே விட மாட்டார்கள்.

மிச்ச மருந்து இருக்கிற காலைகளில் ஊர்க்காவலன் முதல் ஆளாக மருந்து ரூமுக்குள் போவார். குவியலுக்குள் நாலு விரலையும் இரண்டாவது கணு வரை விடுவார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு நேரம் நிற்பார். "சரியா இருக்கு" என்றால் வேலை தொடங்கும். "ஆகாது" என்றால் நாற்பது பேரும் போட்டது போட்டபடி வேலிக்கு வெளியே ஓடிவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் மூன்று தடவை ஆகாது என்றிருக்கிறார். இரண்டு தடவை பத்து மணிக்குள் ரூம் தானாகப் பற்றி எரிந்தது. மூன்றாவது தடவை ஒன்றும் ஆகவில்லை. அதற்காக யாரும் அவரைக் குறை சொன்னதும் இல்லை.

ஆபீஸில் ஏசி இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது, முதலாளி வந்தால் உட்காரச் சுழல் நாற்காலி இருந்தது. சூடு பார்க்க ஒரு கருவி வாங்க வேண்டும் என்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை. ஊர்க்காவலன் விரல் இருக்கும்போது கருவி எதற்கு?

அவருடைய கிட்டார் மதுரையில் பழசாக வாங்கியது. அதன் கழுத்தில், விரல் வைத்து அழுத்துகிற போர்டு வெறும் கறுத்த கட்டை. பொதுவாக அந்த இடத்தில் ஐந்தாம் கட்டம், ஏழாம் கட்டம் என்று அடையாளம் தெரிய வெள்ளைப் புள்ளி வைத்திருப்பார்கள். இதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. ஊர்க்காவலனுக்கு அதில்தான் பெருமை.

குழுவை நடத்துகிற காமராஜ் நேர் எதிர். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற ஆபீஸில் மெஷின்மேன். மீனாட்சி அம்மன் மூக்குத்திக்கே மூன்று தங்கக் கலர் ஓட்டுகிற ஆள். அவர் ஒரு புதுக் கிட்டார் வாங்கி வந்தார். போர்டின் உச்சியிலிருந்து அடி வரைக்கும் வெள்ளைச் சிப்பியில் ஒரு கொடி ஓடியது. கட்டத்துக்குக் கட்டம் இலை, மொட்டு, பூ. பன்னிரண்டாம் கட்டத்தில் எதிரும் புதிருமாக இரண்டு கிளிகள். மேடை விளக்கு பட்டால் கொடி முழுவதும் மின்னும்.

"என்ன மாப்ள, கல்யாணப் பொண்ணு சடையக் கழட்டிட்டு வந்துட்டியா?" என்றார் ஊர்க்காவலன்.

"சிப்பிண்ணே, சிப்பி! ராமேஸ்வரத்துச் சிப்பி."

"பிளாஸ்டிக்கு. மோந்து பாரு, சோப்பு டப்பா வாடை வரும்."

இப்படி ஆரம்பித்த வழக்கு ஆறேழு வருஷம் ஓடியது. ஒத்திகை என்று கூடினால் முதல் அரை மணி நேரம் இதுதான். போர்டில் பூ இருந்தால் கண் பூவைத் தேடிப் போகும், கண் போனால் விரல் சோம்பேறியாகிவிடும் என்பது ஊர்க்காவலன் கட்சி. கச்சேரிக்கு வருகிறவர்கள் காதை மட்டும் அனுப்பிவைப்பதில்லை, கண்ணையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறார்கள் என்பது காமராஜ் கட்சி. புள்ளி வைப்பது ரோட்டில் மைல் கல் வைப்பது போலத்தானே என்று காமராஜ் கேட்பார். சொந்த வீட்டில் கொல்லைப்புறம் போக எவனாவது மைல் கல் நடுவானா என்று ஊர்க்காவலன் திருப்பிக் கேட்பார். தபேலா வாசிக்கிறவர் நடுவில் புகுந்து டீ சொல்ல வேண்டியிருக்கும்.

பேச்சு மட்டும் இல்லை, ஊர்க்காவலன் செய்தும் காட்டியிருந்தார். ஒருமுறை திருத்தங்கலில் ஒரு வரவேற்பில் பாட்டு நடுவே கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது, கீபோர்டு செத்தது. கும்மிருட்டில் ஊர்க்காவலன் கிட்டார் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஜெனரேட்டர் ஓடி விளக்கு எரிந்தபோது அவர் பாட்டின் கடைசி வரியில் இருந்தார். மண்டபமே எழுந்து கை தட்டியது. அன்றைக்கு மாரிசெல்வி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவு சந்தோஷத்தை நாலு பேர் பார்க்க முகத்தில் வைத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது.

2006 தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது காய வைத்த மருந்துத் தட்டு ஒன்று வெயிலில் பற்றியது. ஊர்க்காவலன் பக்கத்துத் தட்டைத் தள்ளிவிடப் போய், இரண்டு கையும் மணிக்கட்டு வரை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு நாள். புதுத் தோல் வந்தது, இளஞ்சிவப்பாக, ரேகை இல்லாமல் வழவழவென்று. மடக்க முடிகிறது, நீட்ட முடிகிறது, கை தப்பித்தது என்று டாக்டர் சொன்னார். மாரிசெல்வி பத்திரகாளியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தாள். தையில் அவர் மறுபடி மருந்து ரூமுக்குப் போய்விட்டார். கிட்டாரை மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் தொடவில்லை. கை இறுக்கமாக இருக்கிறது, தோல் பழகட்டும் என்றார். அவளும் நம்பினாள்.

2008 வைகாசியில் ஒரு சாயங்காலம் அவர் தோளில் காமராஜின் கிட்டாரோடு வந்தார். கொடியும் கிளியும் போட்டது. தன்னுடையதைக் காமராஜிடம் கொடுத்துவிட்டு மாற்றி வாங்கி வந்திருந்தார்.

"இது எதுக்கு இங்கன வந்துச்சு?" என்றாள் மாரிசெல்வி.

"சும்மா. ஒரு மாத்தத்துக்கு. மேடைக்கு நல்லா இருக்குல்ல?"

காமராஜுக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு வருஷ வழக்கில் ஜெயித்துவிட்டதாக நினைத்துத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். "அண்ணனே கொடிக்கு வந்துட்டாரு மதினி! நான் அன்னைக்கே சொன்னேன்" என்று வீடு தேடி வந்து மிக்சர் பொட்டலம் கொடுத்தார். மாரிசெல்வி சிரித்து வைத்தாள். சாப்பிடும்போது பொட்டலத்தை நகர்த்திவிட்டாள். சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட ஒப்புக்கொள்ளாத மனுஷன், ஏழு வருஷம் பிடித்த பிடியை ஒரே நாளில் விடுகிறார் என்றால் அது அவளுக்கு நல்லதாகப் படவில்லை.

அவர் வீட்டில் வாசிக்கும்போது கவனிக்க ஆரம்பித்தாள். முன்பெல்லாம் வாசித்துக்கொண்டே அவளோடு பேசுவார், தெருவில் போகிறவனை நக்கல் பண்ணுவார். இப்போது தலையைக் குனிந்து போர்டையே பார்த்தார். இலை, மொட்டு, பூ என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அதன் மேல் விரலைக் கொண்டுபோய் வைத்தார். வைத்த விரல் கம்பியில் சரியாக விழுந்ததா என்று இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் மீட்டினார்.

ஆனியில் சிவகாசியில் ஒரு கல்யாண வரவேற்பு. அந்த வருஷம் கரண்ட் வெட்டு ஊரைப் பிடித்து ஆட்டிய வருஷம். ஏழு மணிக்கு மண்டபம் இருண்டது. கூட்டத்தில் யாரோ, "ஏலே, ஊர்க்காவலன் இருக்காருல்ல, இனிமேதான் கச்சேரி!" என்று கத்தினார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இருட்டில் இரண்டு சுரம் தப்பாக விழுந்தது. அப்புறம் ஒன்று. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. விளக்கு வந்தபோது ஊர்க்காவலன் கிட்டாரைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

மாரிசெல்விக்கு அப்போது அவமானமாக இல்லை. பயம்தான் வந்தது. கம்பி எங்கே இருக்கிறது என்று தெரியாத விரலுக்கு மருந்தின் சூடு எப்படித் தெரியும்?

மறுநாள் காலையில் அடுப்பிலிருந்து இறக்கிய காபியை எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை ஊற்றி, முந்தானையால் பிடித்துக்கொண்டுபோய் நீட்டினாள். அவர் டம்ளரைச் சுற்றி விரல்களைப் போட்டு வாங்கினார். போர்மேன் எந்த ஆர்டருக்கு அவசரப்படுகிறார் என்று சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டம்ளர் கையில் இருந்தபடியே இருந்தது.

"சுடலையா?"

"என்னது?"

"டம்ளரு."

அவர் டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சட்டென்று அதை மற்ற கைக்கு மாற்றி உஸ் உஸ் என்று ஊதினார். "ஆமா புள்ள, என்னா சூடு!"

அந்த நடிப்பைப் பார்த்ததும் மாரிசெல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எம்புட்டு நாளா இப்பிடி?"

"வெந்ததுல இருந்தேதான். வந்துரும் வந்துரும்னு பாத்தேன். கட்ட வெரல்ல மட்டும் லேசா இருக்கு."

"அப்ப ரெண்டு வருசமா மருந்துக்குள்ள கைய விட்டு என்னத்தப் பாக்கீக?"

"பளக்கத்துல தெரிஞ்சிரும். வாடை இருக்கு, கனம் இருக்கு."

"முளங்கைய விட்டாவது பாக்கலாம்ல?"

"நாலு பேரு பாக்க முளங்கைய விட்டா, ஏம்ப்பா வெரலுக்கு என்னன்னு கேக்க மாட்டானா?"

"போர்மேன்ட்டச் சொல்லிருவோம். கையக் காட்டுங்க, அவரே புரிஞ்சுக்கிடுவாரு."

அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "சொன்னா? நாளைக்கே அட்டைப்பெட்டி மடிக்க ஒக்கார வைப்பாக. ஊர்க்காவலன் பெட்டி மடிக்கான்னு ஊரு பேசும். கிட்டாரும் போச்சு, இதுவும் போச்சுன்னா நான் எதுக்கு புள்ள இருக்கணும்?"

அவள் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நாற்பது பேர் உயிர் விஷயம். சொல்லவில்லை. எதற்கு இருக்கணும் என்று கட்டினவன் கேட்டால் எந்தப் பெண்ணுக்குத்தான் நாக்கு எழும்? ஆனால் ஒன்று செய்தாள். குழாய் அடைக்கிற வேலையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போகிறது என்று போர்மேன் முத்துக்கருப்பனிடம் முறையிட்டு, மருந்து ரூமிலிருந்து மற்ற ரூம்களுக்கு மருந்து சுமக்கிற வேலைக்கு மாறிக்கொண்டாள். இனி மிச்ச மருந்து இருக்கிற காலையெல்லாம் அவர் கையை விட்ட குவியலில் அவளும் கையை விடலாம். பேசின் சட்டியில் மருந்தை அள்ளுகிற சாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு, கண்ணால் சரி என்று சொல்வாள். அதற்கப்புறம்தான் அவர் வாய் திறந்து எல்லாருக்கும் கேட்க, "சரியா இருக்கு" என்பார்.

நாற்பது பேரும் அவர் விரலை நம்பி வேலை பார்த்தார்கள். அவளுக்கு வீட்டில் சோறு இறங்குவது நின்றுபோனது. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறும்போதே கை சில்லிட்டுவிடும். பொடியைத் தொடும்போது தன் கை சரியாகத்தான் சொல்கிறதா என்று சந்தேகம் வரும். வீட்டில் சும்மா இருக்கும்போதும் சட்டியை, சுவரை, பிள்ளையார் சிலையை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நாளாக ஆக அவருக்கு இந்த ஏற்பாடு கசந்தது. பெண்டாட்டி கண் காட்டித்தான் தான் பேச வேண்டியிருக்கிறதே என்ற கோபம். புரட்டாசி பிறந்ததும் அவள் வருவதற்கு முன்பே, "சரியா இருக்கு, ஆரம்பிங்க" என்று சத்தம் கொடுக்க ஆரம்பித்தார். கேட்டால், "பதினெட்டு வருசம் யாரு சொன்னது? நீயா?" என்பார். அவள் ஓட்டமும் நடையுமாகப் போய்த் தொட்டுப் பார்ப்பாள். ஒவ்வொரு நாளும் குவியல் குளிர்ந்துதான் இருந்தது. அதுவே அவருக்குத் தைரியத்தை ஏற்றிவிட்டது.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. கடைசி லோடு கிளம்ப வேண்டும். ஒரு சாயங்காலம் திடீரென்று மழை பிடித்தது. நாலு மணிக்கு வேலையை நிறுத்தினார்கள். பெரிய குவியலாக மருந்து மிஞ்சியது. சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போகச் சொன்னார் முத்துக்கருப்பன். ராத்திரி முழுக்கத் தூறல். விடிந்தபோது ரூம் ஜன்னலோரத்துச் சுவரில் ஈரம் கோடாக இறங்கியிருந்தது.

மாரிசெல்வி பேசினோடு வாசலில் நுழைந்தபோது அவர் கண்ணை மூடி, விரல்களை உள்ளே விட்டு நின்றுகொண்டிருந்தார். "சரியா இருக்கு" என்றார், கண்ணைத் திறக்காமலே.

அவள் குத்தவைத்து உட்கார்ந்து குவியலின் அந்தப் பக்கமாகக் கையை விட்டாள். மேலே ஒன்றும் இல்லை. இன்னும் உள்ளே விட்டாள். வெதுவெதுப்பு. இன்னும் கொஞ்சம். விரலை வைத்திருக்க முடியவில்லை.

"சுடுது" என்றாள்.

"எங்கன?" அவர் அவள் கை இருந்த இடத்திலேயே தன் கையைச் சொருகினார். மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே வரை போனது. சுடுகிற இடத்தில் அந்த விரல்கள் அசையாமல் இருப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "சும்மாதான கெடக்கு. மளைல வந்த கை குளுந்து கெடக்கும், அதான் ஒனக்குச் சுடுத மாதிரி இருக்கு."

ஒரு கணம் அவளுக்கே அப்படித் தோன்றியது. முழங்கையை வைத்துப் பார்த்தாள். பொசுக்கியது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தன் வார்த்தையாகக் கத்தினால் பெண்கள் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரியும். அதனால் அவர் சொன்னதாக அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "அவுக ஆகாதுங்காக! எல்லாரும் ஓடுங்க!"

ஊர்க்காவலன் ஆகாது என்றால் நிற்பதற்கு யாரும் இல்லை. ரூம் ரூமாகப் பெண்கள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினார்கள். வேலி தாண்டி சீமைக்கருவேலங் காட்டுக்குள் போய்த்தான் மூச்சு விட்டார்கள். ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லி எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் இருந்தார்கள்.

பத்து நிமிஷம் போனது. ஒன்றும் ஆகவில்லை. முத்துக்கருப்பன் வந்து சேர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். லாரி நிற்கிறது என்றார். இன்னும் பத்து நிமிஷம். யாரோ கொட்டாவி விட்டார்கள். ஊர்க்காவலன் பல்லைக் கடித்துக்கொண்டு, "மானத்த வாங்கிட்டியே புள்ள" என்றார் அவள் காதருகே. பிறகு எல்லாருக்கும் கேட்க, "நான் போயி இன்னொருக்கப் பாத்துட்டு வாறேன் அண்ணாச்சி" என்று வேலி இடைவெளியில் நுழைந்தார். அவள் சட்டையைப் பிடித்தாள். உதறிவிட்டு நடந்தார். அவள் பின்னாலேயே ஓடி இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்த இழுபறியில் இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள்.

விழுந்து கிடக்கும்போதுதான் மருந்து ரூம் போனது. கூரைத் தகடுகள் காட்டுக்கு மேலே பறந்து வந்து விழுந்தன. சாம்பல் புகை வெளிச்சத்தை மறைத்தது. காதுக்குள் ஒரு கூவல் மட்டும் மிஞ்சியது. தொட்டடுத்த இரண்டு ரூம்களின் சுவர்களும் சாய்ந்து கிடந்தன. பதினைந்து பெண்கள் உட்காருகிற ரூம்கள் அவை.

முதலில் ஓடி வந்தது இருளம்மாள். குழாய் அடைக்கிற ரூமில் மூத்தவள். சேற்றில் எழுந்து உட்கார்ந்திருந்த ஊர்க்காவலனின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எஞ்சாமி, இந்த வெரலு நல்லா இருக்கணும்யா" என்று அழுதாள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒவ்வொருத்தியும் அந்தக் கையைத் தொட்டாள். ஊர்க்காவலன் முதலில் தலையைக் குனிந்தபடி இருந்தார். ஐந்தாறு பேர் வந்துபோன பிறகு தலை நிமிர்ந்தது. மாரிசெல்வி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. அடியிலதான் இருக்கும். நமக்கு லேசாத் தட்டுப்பட்டுச்சு" என்று அவர் சொல்வது கேட்டது.

முத்துக்கருப்பன் செல்போனில் முதலாளியோடு பேசிவிட்டு வந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "ஊர்க்காவலா, மொதலாளி ஒரே வார்த்தைல சொல்லிட்டாரு. நாளையில இருந்து நம்ம கீள்க்காட்டு யூனிட்டுக்கும் நீதான் போயித் தொட்டுப் பாக்கணும். அங்கன அறுவது பேரு இருக்காக. நீ சொன்னப்புறந்தான் அங்கயும் வேலை."

"பாத்துருவோம் அண்ணாச்சி" என்றார் ஊர்க்காவலன்.

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது. தன் விரல்தான் கண்டுபிடித்தது என்று அந்த மனுஷன் நம்பிவிட்டார். கீழ்க்காட்டில் அவள் இல்லை.

"அண்ணாச்சி, அவுக கைக்கு உணர்ச்சி கெடையாது" என்றாள். "தொட்டுப் பாத்தது நான். அவுக சரியா இருக்குன்னுதான் சொன்னாக."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பயத்தில் உளறுகிறாள், தண்ணீர் கொடுங்கள் என்றாள் இருளம்மாள். முத்துக்கருப்பன் முகத்தைச் சுளித்தார். "நீதானம்மா அவுக ஆகாதுங்காகன்னு கத்துன? வீட்டுச் சண்டைய வீட்டோட வச்சுக்கிடு."

"விடுங்க அண்ணாச்சி, அதிர்ச்சில என்னமோ சொல்லுதா" என்று ஊர்க்காவலன் போர்மேன் பக்கம் திரும்பிக்கொண்டார். "கீள்க்காட்டுல எத்தன மணிக்கு ரூமத் தெறக்காக?"

மாரிசெல்வி பக்கத்துக் கருவேலங் கிளையிலிருந்து ஒரு முள்ளை ஒடித்தாள், சுட்டுவிரல் நீளம் இருந்தது. அவருக்குப் பின்னால் போய், தொங்கிக்கொண்டிருந்த இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். எல்லாரும் தொட்டுப் பிடிக்கிற கைதானே என்று அவர் திரும்பிப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார். அவள் நடுவிரல் நுனியில் முள்ளை வைத்து அழுத்தினாள். பாதி முள் உள்ளே போனது. அவள் அந்தக் கையை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தாள்.

ரத்தம் விரலிலிருந்து வழிந்து மணிக்கட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. இருளம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். முத்துக்கருப்பனின் பார்வை அவர் முகத்திலிருந்து அந்த விரலுக்குப் போய் அங்கேயே நின்றது.

"மிச்ச மருந்து எம்புட்டு இருந்தாலும் கவலைப்படாதீக அண்ணாச்சி" என்று ஊர்க்காவலன் சொல்லிக்கொண்டிருந்தார். "எது சூடு, எது குளுமைன்னு என் வெரலு இன்னைக்கு வரைக்கும் பொய் சொன்னதில்ல." எல்லாரும் ஏன் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று அவருக்குப் புரியவில்லை.